அகத்தியமலையின் நீலப் பறவை: துணையினமா, தனி இனமா?

திருவனந்தபுரம் நகரின் வலியசாலைப் பகுதியில், தமிழ் பேசும் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் அக்கிரகாரத் தெருக்களில், விடியற்காலையில் முதலில் கேட்பது குண்டுகரிச்சானின் சீழ்க்கை. கறுப்பும் வெண்மையுமான இப்பறவையை மலையாளத்தில் மண்ணாத்திப்புள் என்பர். தென்னை மட்டையிலோ, மின்கம்பியிலோ, ஓட்டுக்கூரையின் முகட்டிலோ அமர்ந்து, எவரும் தன்னைக் காணலாம் என்ற துணிவுடன் அது பாடும்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த உறவுப் பறவை ஒன்று, இந்நகருக்குக் கிழக்கே தெரியும் மலைகளில் வாழ்கிறது. அதனைப் பார்த்தவர் மிகச் சிலரே. கருநீல முதுகும், நீலச்சாம்பல் மார்பும், வெண்ணிற வயிறும் கொண்ட அது, மலைச் சோலையின் இருண்ட அடித்தளத்தைவிட்டு வெளியே வருவது அரிது. ஏறத்தாழ 15 செ.மீ. நீளமே உள்ள இச்சிறு பறவையின் பெயர், அசம்பு மலைச் சோலைக்கிளி. இது ஓர் இனத்தின் தென்கோடிக் கிளை மட்டுமா, அல்லது தனக்கெனத் தனிப்பெயர் பெறத்தக்க இனமா என்னும் வினா, அறிவியலாரிடையே இன்றும் முற்றாகத் தீரவில்லை. மேலோட்டமாகப் பார்ப்பவர்க்கு இது அருங்காட்சியக அலமாரிக்குள் அடங்கும் வழக்காகத் தோன்றலாம். ஆனால், ஒரு மலைத்தொடரில் எதைக் காக்கவேண்டும், எதை எண்ணவேண்டும் என்று முடிவு செய்யும் அலுவலருக்கு இவ்வினாவின் விடை நேரடியாகத் தேவைப்படுகிறது.

பெயரைப் பற்றி முதலில் ஒரு சொல். தமிழில் கிளி என்றால் பச்சைக்கிளியே நினைவுக்கு வரும். மலையாளத்திலோ கிளி என்பது சிறு பறவைகள் அனைத்திற்கும் பொதுவான சொல். சோலை என்னும் சொல்லோ தமிழிலிருந்தே உலக அறிவியல் நூல்களுக்குச் சென்று, உயர்மலைப் பசுமைமாறாக் காட்டிற்குரிய கலைச்சொல்லாக நிலைபெற்றது. இவ்விரு சொற்களும் இணைந்ததே சோலைக்கிளி. இதன் பேரினத்திற்கு அறிவியலார் இட்ட சோலிகோலா என்னும் இலத்தீன் பெயருக்கும் சோலையில் வாழ்வது என்பதே பொருள்.

நீலம் எங்கிருந்து வருகிறது?

இப்பறவையின் நிறம் குறித்துச் சற்று விரித்துக் கூறுவது பொருத்தமே. மஞ்சளும் சிவப்பும் பல பறவைகளில் உணவின் வழியாகப் பெறப்படும் நிறமிகளால் உண்டாகின்றன. கறுப்பும் பழுப்பும் உடலே உருவாக்கும் மெலனின் என்னும் நிறமியால் அமைகின்றன. நீலத்திற்கோ, பறவை இறகில் தனி நிறமி கிடையாது. இறகிழையின் உள்ளே கெரட்டின் என்னும் புரதமும் நுண்ணிய காற்றறைகளும் ஓர் ஒழுங்கில் அமைந்திருக்கின்றன. அவற்றின் அளவு நீல ஒளியின் அலைநீளத்தோடு பொருந்துவதால், அந்த ஒளி மட்டும் வலுவாகச் சிதறித் திரும்புகிறது. ஏனைய நிறங்கள், அடியிலுள்ள மெலனின் அடுக்கில் அடங்கிவிடுகின்றன. நீல இறகு ஒன்றை அரைத்துப் பொடியாக்கினால் நீலம் மறைந்துவிடுவதற்குக் காரணம் இதுவே.

ஆகவே, ஒளி படாத இடத்தில் இப்பறவை கறுத்தே தோன்றும். மரங்களின் கவிகைக்கு அடியில், பாசி படர்ந்த பாறைகளுக்கும் ஈற்றைப் புதர்களுக்கும் இடையே, அது தரையோடு தரையாகத் தத்திச் செல்கையில் நிழலின் ஒரு துண்டு நகர்வதாகவே படும். இலையிடுக்கு வழியாக ஒரு கீற்று வெயில் விழும்போது மட்டும் அதன் நீலம் வெளிப்படும். இதனைத் தேடிச் செல்வோர் கண்ணைவிடக் காதையே நம்புகின்றனர்.

உதிர்ந்த இலைகளுக்கிடையே உள்ள பூச்சிகளே இதன் முதன்மை உணவு. ஓடைக் கரையின் மண்பொந்திலோ மரப்பொந்திலோ பாசியும் வேர்நாரும் கொண்டு கூடமைத்துப் பெரும்பாலும் இரண்டு முட்டைகள் இடும். ஏறத்தாழ 1,000 மீட்டருக்கு மேற்பட்ட ஈரமான காடுகளே இதற்கு உகந்தவை.

பெயர்களின் வரலாறு

சென்னை இராணுவத்தில் மருத்துவராகப் பணியாற்றிய டி. சி. ஜெர்டன், 1840-களில் நீலகிரியிலிருந்து இவ்வகைப் பறவையை முதன்முதலாக அறிவியல் உலகிற்கு அறிமுகப்படுத்தினார். நீலகிரிப் பறவையின் விலாப்புறத்தில் செம்பழுப்பு நிறம் உண்டு. 1868-இல், இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் அலுவலர் டபிள்யூ. டி. பிளான்போர்டு, பழனி மலைப் பறவையைத் தனியாக விவரித்து, வெண்வயிற்றுப் பறவை என்னும் பொருள்படும் ஆல்பிவென்ட்ரிஸ் என்ற பெயரை இட்டார். பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே உள்ள மலைகளின் பறவைகள் யாவும், ஆனைமலையிலிருந்து அகத்தியமலை வரை, இந்த ஒரே பெயரின் கீழ் அடக்கப்பட்டன.

திருவிதாங்கூர்ப் பகுதி ஆராயப்படாமல் கிடந்ததன்று. திருவனந்தபுரம் அருங்காட்சியகத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்த எச். எஸ். பெர்குசனும், வனப் பாதுகாவலர் டி. எப். போர்டிலனும் இணைந்து எழுதிய திருவிதாங்கூர்ப் பறவைகள் பற்றிய கட்டுரைத் தொடர், 1903-04-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் வெளிவந்தது. பின்னர் 1933-இல், திருவிதாங்கூர், கொச்சி அரசுகளின் ஆதரவுடன் சாலிம் அலி விரிவான பறவை அளவாய்வை மேற்கொண்டார். அவ்வாய்வின் முடிவுகள் கட்டுரைகளாகவும், 1953-இல் தனி நூலாகவும், 1969-இல் கேரளப் பறவைகள் என விரிவாக்கப்பட்டும் வெளிவந்தன. தோல், அலகு, சிறகு நீளம் ஆகியவற்றை ஒப்பிட்டு நிகழ்ந்த அந்தக் காலத்து ஆய்வுகள் மிகுந்த கவனமுடையவை. எனினும், கண்ணுக்குத் தெரியும் வேறுபாட்டை மட்டுமே அவை அளக்க இயலும்.

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், நீலகிரிப் பறவையும் வெண்வயிற்றுப் பறவையும் ஒரே இனத்தின் இரு துணையினங்கள் என்றே கருதப்பட்டன. அந்த இனமும் இமயமலை, தென்கிழக்காசியப் பகுதிகளின் குட்டைச்சிறகுப் பறவைகளின் பேரினத்தில் சேர்க்கப்பட்டிருந்தது. குறுகிய சிறகு, நீண்ட கால், தரையருகே வாழும் பழக்கம் என எல்லாம் ஒத்திருந்ததால் அம்முடிவு இயல்பானதே. 2005-இல் வெளிவந்த பமேலா ராஸ்முசென், ஜான் ஆண்டர்ட்டன் ஆகியோரின் தெற்காசியப் பறவைகள் நூல், இவ்விரண்டையும் தனித்தனி இனங்களாகக் கொண்டது.

துணையினம் என்றால் என்ன?

ஒரே இனத்தைச் சேர்ந்த உயிர்கள் பரந்த நிலப்பரப்பில் வாழும்போது, வட்டாரத்திற்கு வட்டாரம் நிறத்திலோ அளவிலோ சிறிது மாறுபடுவதுண்டு. அம்மாற்றம் நிலையானதாக இருப்பின், அவ்வட்டாரத்து உயிர்த்தொகைக்கு மூன்றாவது பெயர் ஒன்று சேர்க்கப்படும். அதுவே துணையினம். இரு துணையினங்கள் எல்லையில் சந்தித்தால் தடையின்றி இணைந்து குஞ்சு பொரிக்கும் என்பது இதன் உட்கருத்து. தடை இருப்பின் அவை தனி இனங்கள்.

சமவெளிப் பறவைகளில் இதைச் சோதித்துப் பார்க்க முடியும். மலையுச்சிப் பறவைகளிலோ சோதனைக்கே வழியில்லை. ஏனெனில் அவை சந்திப்பதே இல்லை. கடல் சூழ்ந்த தீவுகளைப்போல, வெப்பமான தாழ்நிலம் சூழ்ந்த குளிர்ந்த சிகரங்களில் அவை தனித்து வாழ்கின்றன. இத்தகைய மலைகளை வான்தீவுகள் என்பது இன்றைய வழக்கு. சந்திக்காத இரு கூட்டங்கள் சந்தித்தால் என்ன செய்யும் என்பதை ஊகித்தே தீர்ப்புக் கூறவேண்டியிருப்பதால், அறிஞர்க்கு அறிஞர் தீர்ப்பு மாறுகிறது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பாதியில் இத்தகைய இரண்டு பெரும் இடைவெளிகள் உள்ளன. முதலாவது, ஏறத்தாழ 30 கி.மீ. அகலமுள்ள பாலக்காட்டுக் கணவாய். இரண்டாவது, அதனினும் மிகக் குறுகிய செங்கோட்டைக் கணவாய். அச்சன்கோவில் கணவாய் என்றும் இது அழைக்கப்படும். ஆரியங்காவு வழியாகக் கொல்லத்தையும் செங்கோட்டையையும் இணைக்கும் இருப்புப்பாதை இக்கணவாயில்தான் செல்கிறது. 1904-இல் போடப்பட்ட மீட்டர்பாதை அகலப்பாதையாக மாற்றப்பட்டு 2018-இல் மீண்டும் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. இரயில் பயணிக்கு மிகக் குறைந்த நேரத்தில் கடந்துபோகும் இந்தத் தாழ்நிலம், நிழலைவிட்டு நீங்காத ஒரு சிறு பறவைக்கு ஊழிக்காலத் தடையாக இருந்துவந்திருக்கிறது. இக்கணவாய்க்குத் தெற்கே கன்னியாகுமரி மாவட்டம் வரை நீளும் மலைகளே அசம்பு மலைகள். அவற்றின் தலையாய சிகரம் 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியமலை, அதாவது பொதிகை.

குருதித்துளி கூறிய செய்தி

மெல்லிய வலைகளில் பறவைகளைப் பிடித்து, ஒரு துளி குருதியை எடுத்துக்கொண்டு, உடலை அளந்து, காலில் வளையமிட்டு மீண்டும் பறக்கவிடும் முறையில் வி. வி. இராபினும் அவருடைய உடனாய்வாளர்களும் பல மலைகளில் பல ஆண்டுகள் பணியாற்றினர். 2010-இல் வெளியான அவர்களது ஆய்வு, இப்பறவைகளின் மரபணுக்களில் பழங்காலக் கணவாய்களின் தடம் ஆழப் பதிந்திருப்பதைக் காட்டியது. 2015-இல், இருபத்துமூன்று மலைப்பறவை இனங்களை ஒருங்கே ஆராய்ந்த மற்றொரு கட்டுரை வெளிவந்தது. அகன்று ஆழ்ந்த பாலக்காட்டுக் கணவாயே மிகுதியான இனங்களைப் பிரித்துள்ளது என்றும், குறுகிய கணவாய்கள் அவற்றுள் சிலவற்றை மட்டுமே பிரித்தன என்றும் அது தெரிவித்தது. வலிய சிறகுடைய பறவைக்குக் கணவாய் ஒரு பொருட்டன்று. சோலைக்கிளி, இரண்டு கணவாய்களாலும் பிரிக்கப்பட்ட சிலவற்றுள் ஒன்று.

2017-இல் இவ்வாய்வுகளின் தொடர்ச்சியாக வெளிவந்த கட்டுரை, பழைய வகைப்பாட்டைப் பெரிதும் மாற்றியது. சோலைக்கிளி குட்டைச்சிறகுப் பறவைகளின் நெருங்கிய உறவு அன்று. நீல ஈப்பிடிப்பான்களை உள்ளடக்கிய கூட்டத்திற்கு நெருங்கியது என்பது தெளிவாயிற்று. ஒரே வகையான வாழிடம், நெருங்கிய உறவற்ற இரு பறவைகளுக்கு ஒரே வகையான உடலமைப்பைத் தந்திருந்தது. ஆகவே சோலிகோலா என்னும் புதிய பேரினம் அமைக்கப்பட்டது. அதில் நீலகிரிப் பறவை, வெண்வயிற்றுப் பறவை ஆகியவற்றோடு, செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே உள்ள பறவை அசம்புயென்சிஸ் என்னும் பெயருடன் மூன்றாவது இனமாக விவரிக்கப்பட்டது.

அதே கட்டுரை, இம்மலைகளின் சிரிப்பான் பறவைகளுக்கும் மான்டிசிங்க்லா என்னும் தனிப் பேரினத்தை வகுத்தது. இதிலும் வரைபடம் அதுவே: பாணாசுரம், நீலகிரி, பழனி, அசம்பு என நான்கு இனங்கள். அசம்பு மலைச் சிரிப்பானை 1880-இல் பிளான்போர்டே விவரித்திருந்தார். பின்னர் அது நெடுங்காலம் பழனி மலைப் பறவையின் துணையினமாக எண்ணப்பட்டது. தனி இனமாக ஏற்கப்பட்டதன் பின், உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் அது தனியாக மதிப்பிடப்பட்டு, அழிவுக்கு ஆளாகக்கூடியது என்னும் பிரிவில் வைக்கப்பட்டது. ஒரு பெயர் மாறியதால் பறவையின் இறகு ஒன்றும் மாறவில்லை. ஆனால் அதன் வாழிடப் பரப்பு எவ்வளவு சிறியது என்பது அப்போதுதான் கணக்கில் ஏறியது.

சோலைக்கிளியின் வழக்கு இன்னும் அந்த நிலையை எட்டவில்லை. உலகப் பறவைப் பட்டியல்களுள் சில, அசம்பு மலைப் பறவையைத் தனி இனமாக ஏற்காமல், வெண்வயிற்றுச் சோலைக்கிளியின் துணையினமாகவே கொள்கின்றன. மரபணுவில் வேறுபாடு உண்டு என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. அவ்வேறுபாடு ஓர் இனத்திற்குப் போதுமானதா என்பதே கேள்வி. தோற்றத்தில் இரண்டும் மிக நெருங்கியிருப்பது தயக்கத்தை வளர்க்கிறது.

பாடலும் ஒரு சான்றாகக் கொள்ளப்படுகிறது. பாடும் பறவைகளின் குஞ்சு, தாய்மொழியைக் கற்கும் குழந்தையைப்போல, தன் இனத்துப் பெரிய பறவைகளைக் கேட்டே பாடலைக் கற்கிறது. கற்பதில் சிறு பிழைகள் நேரும். தனித்த மலையில் அப்பிழைகள் தலைமுறைதோறும் திரண்டு வட்டார வழக்காகிவிடும். சோலைக்கிளிகளின் பாடல் மலைக்கு மலை மாறுபடுவதை இராபின் குழுவினர் 2011-இல் பதிவு செய்துள்ளனர். நெல்லைத் தமிழையும் கோவைத் தமிழையும் கேட்டவர்க்கு இதில் வியப்பில்லை. ஆயினும் வட்டார வழக்கு எந்தப் புள்ளியில் தனி மொழியாகிறது என்று சொல்வது மொழியியலார்க்கும் எளிதன்று.

ஆட்சியாளர்க்கு இதில் என்ன?

பாதுகாப்புச் சட்டங்களும் திட்டங்களும் பெயர்ப் பட்டியல்களைக் கொண்டே இயங்குகின்றன. துணையினம் என்ற அளவில், தென்கோடிப் பறவையின் இழப்பு, ஆனைமலையிலும் பழனியிலும் உள்ள தன் உறவினரின் எண்ணிக்கைக்குள் மறைந்துவிடும். அசம்பு மலையில் அது முற்றாக அற்றுப்போனாலும், இனம் நிலைத்திருக்கிறது என்றே பதிவேடு கூறும். எனவே, அறிஞர்களின் தீர்ப்புக்குக் காத்திராமல், இரு கணவாய்களுக்கு இடைப்பட்ட பறவைகளையும் தெற்கே உள்ளவற்றையும் தனித்தனியே எண்ணிப் பதிவு செய்வதே அறிவுடைமை. அதற்குப் பெரும் செலவும் இல்லை. வனத்துறைப் படிவத்தில் ஒரு பத்தி கூடுதலாக வேண்டும், அவ்வளவே.

இக்கவலைக்கு உயரமும் ஒரு காரணம். ஆனைமுடி 2,695 மீட்டர் உயரமுடையது. அகத்தியமலை அதனினும் 827 மீட்டர் தாழ்ந்தது. மலையில் ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏற்றத்திற்கும் வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை குறைகிறது என்பது பொதுக்கணக்கு. இதன்படி, ஒரு பாகை வெப்பம் கூடினால், அதே குளிர்ச்சியைப் பெற ஓர் உயிர் ஏறத்தாழ 150 மீட்டர் மேலே செல்லவேண்டும். வடக்கே உள்ள பறவைக்கு ஏறுவதற்கு இடம் உண்டு. அசம்பு மலைப் பறவைக்கோ, இப்போது வாழும் கீழெல்லைக்கும் சிகரத்திற்கும் இடையே எஞ்சியிருப்பது 900 மீட்டருக்கும் குறைவு. மேலே செல்லச் செல்ல மலையின் பரப்பும் குறுகிவிடும்.

சட்டப் பாதுகாப்பு என்ற வகையில் அகத்தியமலைப் பகுதி பின்தங்கியதன்று. கேரளத்தில் நெய்யாறு சரணாலயம் 1958-இலும், பேப்பாறை 1983-இலும், செந்துருணி 1984-இலும் அமைந்தன. தமிழகத்தில் முண்டந்துறை, களக்காடு சரணாலயங்கள் இணைந்து 1988-இல் புலிகள் காப்பகமாயின. இவற்றையெல்லாம் தழுவி, ஏறத்தாழ 3,500 ச.கி.மீ. பரப்பில் அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் 2001-இல் நிறுவப்பட்டது. 2016-இல் யுனெஸ்கோவின் உலக வலைப்பின்னலில் சேர்க்கப்பட்டது. ஆனால் மலை ஒன்றாக இருக்க, நிர்வாகம் இரண்டு மாநிலங்களிலும் பல மாவட்டங்களிலுமாகப் பிரிந்து கிடக்கிறது. பறவை மாநில எல்லையை அறியாது. கணக்கெடுப்போ எல்லையோடு நின்றுவிடும்.

சோலைக்கும் நகருக்கும் உள்ள தொடர்பு வலியசாலையின் குழாய்களிலேயே தெரியும். அண்டையில் ஓடும் கரமனை ஆறு இம்மலைகளில்தான் பிறக்கிறது. அவ்வாற்று நீரை அருவிக்கரையிலிருந்து நகருக்கு வழங்கும் திட்டம் 1933-இல், அதாவது சாலிம் அலி திருவிதாங்கூரில் பறவைகளை ஆராய்ந்த அதே ஆண்டில், தொடங்கப்பட்டது. மேலே கட்டப்பட்ட பேப்பாறை அணை 1983-இல் முடிவுற்றது. கிழக்குச் சரிவில் பிறக்கும் தாமிரபரணியோ நெல்லைச் சீமையின் வயல்களுக்கு உயிர். சோலையின் இலைமக்கும் பாசியும் மழைநீரைப் பற்றிவைத்து மெல்ல விடுவதால்தான் கோடையிலும் ஓடைகள் வற்றுவதில்லை. சோலைக்கிளி இரைதேடுவதும் அதே இலைமக்கில்தான்.

இனி எஞ்சியிருப்பது கடினமான பகுதி. மலைச்சரிவுகளில் பெரும்பரப்புகள் பத்தொன்பது, இருபதாம் நூற்றாண்டுகளில் தேயிலைத் தோட்டங்களாயின. தேயிலை, பசுமையாகத் தோன்றினும் சோலைப் பறவைக்குப் பாலைநிலம் போன்றதே. அடர்ந்த கவிகையோ, அடிப்புதரோ, ஆழ்ந்த இலைமக்கோ அங்கு இல்லை. ஆயினும் தோட்டங்களை ஊடறுத்து ஓடும் ஓடைகளின் கரையில் காட்டுமரங்களை விட்டுவைத்திருப்பின் நிலைமை வேறு. நீலகிரியின் சோலைக்கிளி, நிழலும் புதரும் உள்ள குடியிருப்பு ஓரங்களிலும் அவ்வப்போது காணப்படுகிறது. ஆதலால் இப்பறவைக்கு முழுமையான வனாந்தரமே வேண்டும் என்று கூறுவது மிகையாகும். வேண்டுவது தொடர்ச்சியான நிழல்.

இதனைச் செயலில் காட்டவேண்டிய வாய்ப்பு ஒன்று மிக அண்மையில் வந்துள்ளது. களக்காடு–முண்டந்துறைக் காப்பகத்தினுள் உள்ள மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டங்கள், சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-இல் 99 ஆண்டுக் குத்தகையாகப் பெறப்பட்ட ஏறத்தாழ 8,400 ஏக்கர் நிலத்தில் அமைந்தவை. குத்தகை 2028-இல் முடிவுறுகிறது. அதற்கு முன்பே, 2024-இல், தோட்டப் பணிகள் நிறுத்தப்பட்டன. நான்கு தலைமுறைகளாக அங்கே கொழுந்து பறித்த குடும்பங்களின் மறுவாழ்வு நீதிமன்றம் வரை சென்ற பிரச்சினையாயிற்று. மலையைக் காடாக்குவோம் என்பவர்கள், அக்குடும்பங்களுக்கு வீடும் வேலையும் எங்கே என்ற கேள்விக்கு விடை சொல்லாமல் மேலே செல்ல முடியாது.

நிலத்தின் பகுதி ஒப்பீட்டளவில் எளிது. கவாத்து செய்யாமல் விடப்பட்ட தேயிலை, புதராக இராமல் உயர்ந்து மரமாகிவிடும். அதனடியில் நிழல் உண்டாகும். அருகில் சோலை எஞ்சியிருந்தால், பழந்தின்னிப் பறவைகளும் விலங்குகளும் விதைகளைக் கொண்டுவந்து சேர்க்கும். களைச்செடிகளை அகற்றுவதும், தீயைத் தடுப்பதும், ஓடைக் கரைகளில் முதலில் மரம் நடுவதும் மனிதர் செய்யவேண்டியவை. அப்பணிக்கு, அந்தச் சரிவுகளில் ஒவ்வோர் ஓடையையும் அறிந்த பழைய தோட்டத் தொழிலாளரைவிடத் தகுந்தவர் கிடைப்பது அரிது. ஓடைக்கரை மரங்களின் நிழல் மூடிய பின், தென்மேற்குப் பருவமழைக்கு முந்திய வாரங்களில் அங்கு நின்று கேட்டால், சோலைக்கிளி திரும்பியதா இல்லையா என்பது காதிலேயே தெரிந்துவிடும்.